ஜிடிபியைத் தொடங்கும் வரியிலேயே பாதி வேலையை முடித்துவிடுங்கள்

போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம், ஓஎம்ஆரில் முழங்கால் அளவு தண்ணீர், கேப் எதுவும் கிடைக்கவில்லை, சோழிங்கநல்லூர் ஆபீஸில் பாதிப் பேர் கிளம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து சீட்டில், டீமுக்குப் புதிதாக வந்த தம்பி ஒரு சி ப்ளஸ் ப்ளஸ் ப்ரோக்ராமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அந்த ப்ரோக்ராமுக்கு ஏழு ஆர்க்யுமெண்ட். உள்ளே போகிற ஃபைல், வெளியே வருகிற ஃபைல், தேதி, கிளை எண், இன்னும் மூன்று. அவன் ஜிடிபியை, அதாவது ப்ரோக்ராமை நடுவில் நிறுத்தி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க உதவும் டீபக்கரை, திறப்பான், 'செட் ஆர்க்ஸ்' என்று ஏழையும் கையால் அடிப்பான், பிரேக்பாயிண்ட் (ப்ரோக்ராம் நிற்க வேண்டிய இடம்) போடுவான், ரன் கொடுப்பான், ப்ரோக்ராம் விழும், குவிட் அடிப்பான், கோடில் ஒரு வரி மாற்றுவான், கம்பைல் பண்ணுவான், அப்புறம் மறுபடி முதலிலிருந்து எல்லாம். "அண்ணா, நடுவுல ஏதோ ஒரு ஆர்க்யுமெண்ட்ட தப்பா அடிச்சிட்டேன் போல, இப்ப வேற மாதிரி விழுது" என்றான். இப்படி ஒரு மணி நேரம் போயிருந்தது. அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான், இன்னும் கொஞ்சம் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஓரெழுத்து ஆப்ஷன்களை எழுத்தின் பெயரால் எழுதியிருக்கிறேன்: '-பி' என்றால் ஒரு சிறு கோடும் (-), 'ப்ராசஸ்' என்பதன் முதல் எழுத்தான பி என்ற ஓர் எழுத்தும், '-எக்ஸ்' என்றால் எக்ஸ் என்ற ஓர் எழுத்து, '-ஈஎக்ஸ்' என்றால் ஈ, எக்ஸ் என்று இரண்டு எழுத்து. இந்தக் கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், வேலை வேறு வேறு. ஒரு கோடு போட்டாலும் இரண்டு கோடு போட்டாலும் ஜிடிபி ஏற்றுக்கொள்ளும். நீண்ட பெயரைக்கூட, வேறு ஆப்ஷனோடு குழம்பாத அளவுக்கு அடித்தால் போதும். 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய கருவி இது, ஆப்ஷன்கள் அன்றிலிருந்து சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஏழெட்டு போதும்.

ஆர்க்யுமெண்ட் பிரச்சினைக்கு வருவோம். தம்பி அடித்திருக்க வேண்டிய வரி (கடைசி மூன்று ஆர்க்யுமெண்ட்டை இங்கே எழுதாமல் விட்டிருக்கிறேன்):

ஜிடிபி --ஆர்க்ஸ் ./ரீடர் இன்.டெக்ஸ்ட் அவுட்.டெக்ஸ்ட் 2024-11-30 17

'--ஆர்க்ஸ்' போட்டால், அடுத்து வருவது ப்ரோக்ராம், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ப்ரோக்ராமுக்கு உரியது என்று ஜிடிபி எடுத்துக்கொள்ளும். அது இல்லாமல் அடித்தால் இரண்டாவதாக இருக்கும் 'இன்.டெக்ஸ்ட்'டை கோர் ஃபைல் (விழுந்த ப்ரோக்ராமின் மெமரி நகல்) என்று நினைத்துத் திறக்கப் பார்க்கும், அது கோர் ஃபைல் இல்லை என்று கத்தும். புதிதாக வருகிற முக்கால்வாசிப் பேர் முதல் நாள் மாட்டுவது இங்கேதான். சாதாரணமாக ப்ரோக்ராமை ஓட்டும் வரியை ஷெல் ஹிஸ்டரியிலிருந்து எடுத்து, முன்னால் 'ஜிடிபி --ஆர்க்ஸ்' என்று ஒட்டிவிட்டால் போதும். ஏழு ஆர்க்யுமெண்ட்டும் சரியாக இருக்கும், ஏனென்றால் நீங்கள் எதையும் புதிதாக அடிக்கவே இல்லை.

ஜிடிபிக்கான மற்ற ஆப்ஷன்கள் எல்லாம் '--ஆர்க்ஸ்'க்கு முன்னால் வர வேண்டும். ப்ரோக்ராம் பெயருக்குப் பின்னால் '-க்யூ' என்று போட்டால் அது உங்கள் ப்ரோக்ராமுக்குத்தான் போகும், ஜிடிபி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. ப்ரோக்ராம் ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக './ரீடர் < இன்.டெக்ஸ்ட்' என்று ஓட்டுவீர்கள். அதே பழக்கத்தில்

ஜிடிபி --ஆர்க்ஸ் ./ரீடர் < இன்.டெக்ஸ்ட்

என்று அடித்தால், அந்த '<' குறியை எடுத்துக்கொள்வது உங்கள் ஷெல். ஃபைல் போய்ச் சேருவது ரீடருக்கு அல்ல, ஜிடிபிக்கு. ஜிடிபி உங்கள் டேட்டாவை வரி வரியாகப் படித்து, ஒவ்வொன்றையும் தனக்கு வந்த கட்டளை என்று நினைத்து, தெரியாத கட்டளை, தெரியாத கட்டளை என்று திரை முழுக்க அடித்துவிட்டு வெளியே வந்துவிடும். சரியான வழி, திசைதிருப்பலை ரன் கட்டளையோடு சேர்த்துக் கொடுப்பது ('-ஈஎக்ஸ்' பற்றிக் கீழே சொல்கிறேன்):

ஜிடிபி -ஈஎக்ஸ் 'ரன் < இன்.டெக்ஸ்ட்' ./ரீடர்

ஜிடிபி உங்கள் ப்ரோக்ராமை ஒரு ஷெல் வழியாகத்தான் தொடங்குகிறது, அதனால் ரன்னுக்குப் பின்னால் வரும் '<' அங்கே சரியாக வேலை செய்கிறது.

கோடை மாற்றிக் கம்பைல் பண்ணிய பிறகு ஜிடிபியை மூடித் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, இதையும் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு டெர்மினலில் பில்டு முடிந்ததும் இங்கே மறுபடி ரன் கொடுத்தால், பைனரி மாறிவிட்டது என்று ஜிடிபியே கண்டுபிடித்து சிம்பல்களை (ஃபங்ஷன், வேரியபிள் பெயர்களின் பட்டியலை) புதிதாகப் படித்துக்கொள்ளும். போட்ட பிரேக்பாயிண்ட்டுகளும் அப்படியே இருக்கும்.

இப்போது '-ஈஎக்ஸ்'. எனக்கு மிகவும் பிடித்த ஆப்ஷன் இதுதான். ஜிடிபி தொடங்கி, பைனரியைப் படித்து முடித்ததும், நீங்கள் கையால் அடிக்கப்போகும் கட்டளையை அதுவே அடிப்பதற்குச் சமம். எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம், எழுதிய வரிசையில் ஓடும். தம்பியின் ப்ரோக்ராம் ஒவ்வொரு முறையும் டேட்டா ஃபைலின் 4817-வது வரியில் விழுகிறது என்று லாக்கில் தெரிந்திருந்தது. ஆனால் அவன் பிரேக்பாயிண்ட்டைச் சும்மா போட்டுவிட்டு, கண்டின்யூ, கண்டின்யூ என்று எண்டர் தட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் சேர்ந்து எழுதிய வரி:

ஜிடிபி -க்யூ -ஈஎக்ஸ் 'பிரேக் ரீடர்.சிபிபி:210 இஃப் லைன்_நோ == 4817' -ஈஎக்ஸ் ரன் --ஆர்க்ஸ் ./ரீடர் இன்.டெக்ஸ்ட் அவுட்.டெக்ஸ்ட் 2024-11-30 17

எண்டர் தட்டினோம். கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் நேராக 210-வது வரியில், 4817-வது பதிவில் போய் நின்றது. 'பிரின்ட்' போட்டுப் பார்த்தால், அந்த வரியிலிருந்து பிரித்தெடுத்த துண்டுகளின் எண்ணிக்கை பூஜ்யம். ஃபைலின் நடுவில் ஒரு காலி வரி. நாலு வரி தள்ளி 214-ல், எண்ணிக்கையைப் பார்க்காமலேயே முதல் துண்டைத் தொடுகிறது கோட். அவ்வளவுதான் பக்.

'-ஈஎக்ஸ்' உள்ளே இடைவெளி இருக்கும் கட்டளையை மேற்கோளுக்குள் போட வேண்டும், அதுவும் ஒற்றை மேற்கோளாகவே இருக்கட்டும். இரட்டை மேற்கோள் போட்டு உள்ளே '$ஆர்ஐபி' மாதிரி ரெஜிஸ்டர் பெயரை எழுதினால், டாலர் குறியைப் பார்த்ததும் ஷெல் அதைத் தன்னுடைய வேரியபிள் என்று நினைத்துக் காலியாக்கிவிடும். ஜிடிபிக்கு வெறும் 'பிரின்ட்' மட்டும்தான் போய்ச் சேரும், ஏன் வேலை செய்யவில்லை என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். பிரேக்பாயிண்ட் வைக்க வேண்டிய ஃபங்ஷன், பின்னால் லோடாகும் ஷேர்டு லைப்ரரியில் இருந்தால், அதற்கு முன்னால் ஒரு '-ஈஎக்ஸ்'ஸில் 'செட் பிரேக்பாயிண்ட் பெண்டிங் ஆன்' என்று சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் நின்று உங்களிடம் கேள்வி கேட்கும்.

கட்டளைகள் நாலைந்துக்கு மேல் போனால் வரி அசிங்கமாக நீளும். அப்போது அவற்றை ஒரு ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதி '-எக்ஸ்' மூலம் கொடுங்கள். '-எக்ஸ்'ஸையும் '-ஈஎக்ஸ்'ஸையும் கலந்து போடலாம், இடமிருந்து வலமாக வரிசைப்படி ஓடும். அந்த ஃபைலை நாங்கள் கோடோடு சேர்த்து கிட் ரெப்பாசிட்டரியிலேயே போட்டுவைக்கிறோம். டிக்கெட்டில் 'எனக்கு இங்கே விழுகிறது' என்று பத்து வரி எழுதுவதைவிட, 'இந்த வரியை அடித்துப் பாருங்கள்' என்று ஒரு வரி ஒட்டினால், அடுத்த ஷிஃப்டில் வருபவர் அதே இடத்தில், அதே நிலையில் வந்து நிற்பார். நமக்கு இங்கே ராத்திரி என்றால் அங்கே பகல் என்று வேலை கைமாறிக்கொண்டே இருக்கும் டீம்களில், இந்த ஒன்று எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஆளே உட்காராமல் ஜிடிபி ஓட வேண்டும் என்றால் '-பேட்ச்'. சொன்ன கட்டளைகளை முடித்துவிட்டு அதுவே வெளியே வந்துவிடும். பக்கம் பக்கமாக நிறுத்தாது, நிச்சயமா என்று கேட்காது. ராத்திரி ஓடும் டெஸ்ட்டுகளுக்கு இது போதும்:

ஜிடிபி -பேட்ச் -ரிட்டர்ன்-சைல்ட்-ரிசல்ட் -ஈஎக்ஸ் ரன் -ஈஎக்ஸ் பிடி --ஆர்க்ஸ் ./டெஸ்ட்

'பிடி' என்பது பேக்ட்ரேஸின் சுருக்கம், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்கே வந்து விழுந்தது என்ற பட்டியல். டெஸ்ட் ஒழுங்காக முடிந்தால் 'ஸ்டாக் இல்லை' என்று சொல்லும், விழுந்தால் முழுப் பட்டியலும் லாக்கில் இருக்கும், காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் '-ரிட்டர்ன்-சைல்ட்-ரிசல்ட்'டை மறந்துவிடாதீர்கள். அது இருந்தால்தான் உங்கள் ப்ரோக்ராம் எந்த எக்ஸிட் கோடோடு முடிந்ததோ அதையே ஜிடிபியும் திருப்பித் தரும். அதை விட்டுவிட்டால், டெஸ்ட் நடுவில் விழுந்தாலும் ஜிடிபி தன் வேலையை முடித்த திருப்தியில் பூஜ்யம் கொடுக்க, பில்டு பச்சையாகத் தெரியும்.

ஏற்கெனவே விழுந்துவிட்ட ப்ரோக்ராம் என்றால் கோர் ஃபைல் வேண்டும்.

ஜிடிபி ./ரீடர் கோர்

இரண்டாவது இடத்தில் கோர் ஃபைலின் பெயர், அவ்வளவுதான். '-சி' போட்டும் சொல்லலாம். கோர் ஃபைல் உருவாகவே இல்லை என்றால் முதலில் 'யூலிமிட் -சி' என்று அடித்துப் பாருங்கள், பூஜ்யம் என்று வந்தால் 'யூலிமிட் -சி அன்லிமிடெட்' என்று மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் காணவில்லை என்றால் '/ப்ராக்/சிஸ்/கெர்னல்/கோர்_பேட்டர்ன்' ஃபைலைத் திறந்து பாருங்கள், கோர் எங்கே போகிறது என்று அதில் இருக்கும். குழாய்க்குறியோடு (|) தொடங்கினால் வேறொரு ப்ரோக்ராம் அதை வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். சிஸ்டம்டி வாங்கிக்கொள்ளும் மெஷின் என்றால் 'கோர்டம்ப்சிடிஎல் டீபக்' என்று அடித்தால் கடைசியாக விழுந்ததை எடுத்து அதுவே ஜிடிபியைத் திறந்துவிடும்.

கோரைப் பார்க்க, அது உருவானபோது ஓடிய அதே பைனரி வேண்டும். கோர் வந்த பிறகு கம்பைல் பண்ணிய பைனரியோடு திறந்தால் ஜிடிபி ஏதோ ஒரு பேக்ட்ரேஸைக் காட்டும், பெயர்கள்கூட நம்பும்படியாக இருக்கும், ஆனால் எல்லாம் பொய். இப்படிப்பட்ட பொய்யான பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தவறான ஃபங்ஷனில் தேடியவர்களை எனக்குத் தெரியும். ரிலீஸ் செய்யும் ஒவ்வொரு பைனரியையும் டீபக் தகவலோடு எங்காவது எடுத்துவையுங்கள்.

பைனரி வேறொரு பில்டு மெஷினில் உருவானது என்றால், சோர்ஸ் ஃபைல் எங்கே இருக்கிறது என்பது ஜிடிபிக்குத் தெரியாது. '-டி' ('டைரக்டரி' என்பதன் முதல் எழுத்து) போட்டு உங்கள் மெஷினில் சோர்ஸ் இருக்கும் டைரக்டரியைச் சொல்லுங்கள்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கிற ப்ராசஸ். '-பி' போட்டு அதன் எண்ணைக் கொடுத்தால் ஜிடிபி அதில் போய் ஒட்டிக்கொள்ளும். உபுண்டுவில் அனுமதி இல்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம். '/ப்ராக்/சிஸ்/கெர்னல்/யாமா/பிட்ரேஸ்_ஸ்கோப்' என்ற ஃபைலில் 1 என்று இருக்கும், அதாவது ஒரு ப்ராசஸ் தான் பெற்ற பிள்ளைகளை மட்டும்தான் தொடலாம். சூடோ போட்டு ஜிடிபியைத் தொடங்கினால் போதும், அந்த அமைப்பை நிரந்தரமாகத் திறந்துவைக்காதீர்கள்.

ஒட்டிய அந்தக் கணமே ப்ராசஸ் நின்றுவிடும். பல வருஷம் முன்னால் வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது, ப்ரொடக்ஷனில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வரில் '-பி' போட்டு ஒட்டினேன், பேக்ட்ரேஸைப் பார்த்தேன், அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு பக்கத்து டீமில் ஒருவரிடம் கேட்கலாம் என்று எழுந்து போனேன். ஐந்து நிமிஷத்தில் போன் மேல் போன். நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்த சர்வர் ஒரு அடி நகரவில்லை, வந்த ரிக்வெஸ்ட் எல்லாம் வரிசையில் நின்று டைம்அவுட் ஆகியிருந்தது. அன்றிலிருந்து ஓடும் சர்வரில் ஜிடிபி ப்ராம்ப்ட்டைத் திறந்துவைத்து உட்காருவதே இல்லை. ஒட்டு, எழுது, கிளம்பு:

சூடோ ஜிடிபி -பேட்ச் -பி 4321 -ஈஎக்ஸ் 'த்ரெட் அப்ளை ஆல் பிடி' > த்ரெட்ஸ்.டெக்ஸ்ட்

எல்லா த்ரெட்டின் பேக்ட்ரேஸும் ஃபைலில் வந்துவிடும், ஜிடிபி விலகிக்கொள்ளும், சர்வர் விட்ட இடத்திலிருந்து தொடரும். பத்து நொடி இடைவெளியில் இரண்டு மூன்று தடவை இதை எடுத்து ஒப்பிட்டால், எந்த த்ரெட் எந்த லாக்கில் (பூட்டில்) மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பைனரி ரொம்பப் பெரியதாக இருந்து சிம்பல் படிக்கவே நேரமெடுக்கிறது என்றால் '-ரீட்நெவர்' சேர்த்துப் பாருங்கள். வரி எண்ணும் வேரியபிளும் கிடைக்காது, ஆனால் ஃபங்ஷன் பெயர் கிடைக்கும், சர்வர் நின்றிருக்கும் நேரமும் குறையும். அதோடு ஒரு வித்தியாசம்: '-பி' போட்டு ஒட்டிய ப்ராசஸை, குவிட் கொடுத்தால் ஜிடிபி உயிரோடு விட்டுவிடும், ரன் கொடுத்து அதுவே தொடங்கியதைக் கொன்றுவிடும்.

ஜிடிபி தானாகப் படிக்கும் தொடக்க ஃபைல்கள் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ஹோம் டைரக்டரியில் '.ஜிடிபிஇனிட்' இருந்தால் ஒவ்வொரு முறையும் அதிலுள்ள கட்டளைகள் முதலில் ஓடும். 'உன் மெஷின்ல வேலை செய்யுது, என் மெஷின்ல இல்ல' என்ற சண்டையில் பல நேரம் குற்றவாளி இந்த ஃபைல்தான். சந்தேகம் வந்தால் '-என்எக்ஸ்' போட்டுத் தொடங்குங்கள், எந்தத் தொடக்க ஃபைலையும் தொடாது. ஹோமில் இருப்பதை மட்டும் விட்டுவிட '-என்ஹெச்'. டெஸ்ட் ஸ்கிரிப்ட்டுகளில் '-என்எக்ஸ்' எப்போதும் இருக்கட்டும். மேலே போட்ட '-க்யூ' காப்பிரைட் வாசகத்தை மறைக்கும், வேறொன்றுமில்லை.

சிலர் எவ்வளவு '-ஈஎக்ஸ்' கொடுத்தாலும் நடக்கவில்லை என்று வருவார்கள். விஷயம் நேரம்தான்: '-ஈஎக்ஸ்' ஓடுவதற்கு முன்பே பைனரியும் சிம்பலும் படித்து முடிந்திருக்கும். படிப்பதையே பாதிக்கும் அமைப்பு என்றால் '-ஐஈஎக்ஸ்', அதாவது முன்னால் ஓர் ஐ. எங்கள் ஆபீஸ் ப்ராக்ஸிக்குப் பின்னால், டீபக் தகவலை நெட்டிலிருந்து இறக்குவதற்காக டீபக்இன்ஃபோடி சர்வரைத் தொடர்புகொள்ள முயன்று ஜிடிபி அப்படியே நின்றுவிடும். அதை நிறுத்த:

ஜிடிபி -ஐஈஎக்ஸ் 'செட் டீபக்இன்ஃபோடி எனேபிள்டு ஆஃப்' ./ரீடர்

இதையே '-ஈஎக்ஸ்'ஸில் எழுதினால், காத்திருந்து முடிந்த பிறகுதான் நிறுத்தச் சொல்வீர்கள்.

கோடைப் பார்த்துக்கொண்டே நடக்க '-டியூஐ' போடுங்கள், மேலே சோர்ஸ், கீழே ப்ராம்ப்ட் என்று திரை பிரியும். ப்ரோக்ராம் நிறைய அச்சடித்தால் திரை கலைந்துபோகும், கன்ட்ரோல்-எல் அடித்தால் சரியாகும். அடிக்கடி கலைந்தால், இன்னொரு டெர்மினலைத் திறந்து அதில் 'டிடிஒய்' என்று அடியுங்கள், '/டெவ்/பிடிஎஸ்/3' மாதிரி ஒரு பெயர் வரும். அங்கேயே 'ஸ்லீப் 100000' கொடுத்து அதன் ஷெல்லைத் தூங்கவைத்துவிட்டு, இங்கே '-டிடிஒய் /டெவ்/பிடிஎஸ்/3' என்று சேர்த்து ஜிடிபியைத் தொடங்கினால், ப்ரோக்ராமின் இன்புட்டும் அவுட்புட்டும் அங்கே போய்விடும். ஸ்லீப் போடாவிட்டால் அந்த ஷெல்லும் உங்கள் ப்ரோக்ராமும் நீங்கள் தட்டும் எழுத்துக்குப் போட்டி போடும்.

கடைசியாக, ரிச்சி ஸ்ட்ரீட்டில் ராஸ்பெரி பை வாங்கிவந்து அதில் ப்ரோக்ராம் ஓட்டும் நண்பர்களுக்கு. போர்டிலேயே முழு ஜிடிபியை ஓட்டி அதன் மெமரியைத் தின்ன வேண்டாம். போர்டில் ஜிடிபி சர்வர் மட்டும் இருந்தால் போதும், சோர்ஸும் சிம்பலும் உங்கள் லேப்டாப்பில் இருக்கட்டும். லேப்டாப்பில் அந்த ப்ராசஸர் வகையைப் புரிந்துகொள்ளும் 'ஜிடிபி-மல்டிஆர்ச்' வேண்டும், சாதாரண ஜிடிபி போதாது. வழக்கமாக எல்லோரும் போர்டில் 'ஜிடிபிசர்வர் :2345 ./சென்சார்' என்று போர்ட்டைத் திறந்துவிட்டு, இங்கிருந்து 'டார்கெட் ரிமோட்' கொடுப்பார்கள். வீட்டில் உங்கள் சொந்த வைஃபையில் என்றால் சரி. ஆபீஸிலோ காலேஜ் லேபிலோ அப்படிச் செய்யாதீர்கள், ஏனென்றால் அந்த போர்ட்டுக்குப் பாஸ்வேர்டே கிடையாது, அதே நெட்வொர்க்கில் இருக்கும் யார் வேண்டுமானாலும் வந்து உங்கள் போர்டில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். எஸ்எஸ்ஹெச் வழியாகவே போங்கள்:

ஜிடிபி-மல்டிஆர்ச் -க்யூ -ஈஎக்ஸ் 'டார்கெட் ரிமோட் | எஸ்எஸ்ஹெச் -டி பை ஜிடிபிசர்வர் - ./சென்சார்' ./சென்சார்

இங்கே எஸ்எஸ்ஹெச்சுக்குப் பின்னால் வரும் டி, 'டெர்மினல்' என்பதன் முதல் எழுத்து, அது மட்டும் பெரிய எழுத்து. 'பை' என்பது உங்கள் போர்டின் பெயர். ஜிடிபிசர்வருக்குப் பின்னால் தனியாக நிற்கும் அந்தக் கோட்டை விட்டுவிடாதீர்கள், போர்ட் எதையும் திறக்காமல் இந்தக் குழாய் வழியாகவே பேசு என்று அது சொல்கிறது. இணைந்ததும் ப்ரோக்ராம் முதல் அடியிலேயே நின்றிருக்கும், அதனால் இங்கே ரன் கொடுக்க வேண்டாம். பிரேக்பாயிண்ட் போட்டுவிட்டு கண்டின்யூ கொடுங்கள்.